புகையிரத நிலையத்துப் பேய்களும் வரலாறு மறந்த மாந்தரும்

1830 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 15 ஆந் திகதி இங்கிலாந்திலே லிவர்பூல் நகரையும் மான்செஸ்டர் நகரையும் இணைத்த புகையிரதப் பாதை பெருவிழாவுடன் திறந்து வைக்கப்பட்டது. விழாவிற்கு வந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் என்பார் தண்டவாளத்தில் இறங்கி நின்றபோது, எதிர்ப் பாதையில் வந்த 'றொக்கெற்' என்னும் இயந்திரம் அவரை மோதிற்று. அன்றிரவே அவர் உயிர் நீத்தார். நாடுகளை இணைக்கவும் பொருளைப் பெருக்கவும் வந்த இச்சாதனம், தொடக்கந்தொட்டே உயிரச்சத்தையும் மக்கள் உள்ளத்தில் விதைத்து வந்துள்ளது. அவ்வச்சம் காலப்போக்கிற் கதைகளாக உருவெடுத்தது. உலகிற் புகையிரதம் ஓடிய நாடுகள் பலவற்றிலும், விளக்கேந்தித் தண்டவாளத்தில் நடக்கும் தலையற்ற மனிதனைப் பற்றியோ, நடைமேடையிற் காத்து நிற்கும் வெண்ணிறப் பெண்ணைப் பற்றியோ கதைகள் வழங்குகின்றன.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது நம் முதியோர் வாக்கு. இவ்வாக்கோடு பேய்க்கதைகளை ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயினும் வரலாறு பயிலும் மாணவன் அவ்வாறு செய்தல் ஏற்புடையதன்று. பேய் உண்டா, இல்லையா என்பது அவனுடைய வினா அன்று. இக்கதை எப்பொழுது தோன்றியது? எந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டது? அதனைச் சொல்வோர் யாது பயன் பெற்றனர்? அதனால் இழந்தோர் யாவர்? இவையே அவன் கேட்க வேண்டிய வினாக்கள். இவ்வினாக்களை மூன்று இடங்களைப் பற்றிய கதைகளிடத்துக் கேட்டு, கிடைக்கும் விடைகளை ஒப்பு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் கதையும் உண்மையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஓரிடத்தைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட கரோலைனா மாநிலத்தில், வில்மிங்டன் நகருக்கு அண்மையில் மேக்கோ என்னும் சிறு நிலையம் இருந்தது. அங்கே இரவு வேளையில் தண்டவாளத்தின்மேல் ஒளியொன்று அசைந்து வருவதாக மக்கள் நெடுங்காலம் கூறி வந்தனர். அவ்வொளிக்கு அவர்கள் கூறிய காரணம் வருமாறு: 1867 ஆம் ஆண்டில் ஜோ போல்ட்வின் என்னும் காப்பாளர் வண்டியின் கடைசிப் பெட்டியில் இருந்தார். அப்பெட்டி தொடர்பு அறுந்து பின்தங்கியது. பின்னால் வேறொரு வண்டி விரைந்து வருவதைக் கண்ட அவர், விளக்கை ஆட்டி ஆட்டி எச்சரித்தார். வண்டி நிற்கவில்லை. மோதலில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. அன்று முதல் அவர் தம் தலையைத் தேடி விளக்குடன் அலைகின்றார். 1889 இல் அப்பாதை வழியே சென்ற குரோவர் கிளீவ்லாந்து என்னும் அமெரிக்கத் தலைவரும் அவ்வொளியைப் பற்றி வினவினார் என்று கதை மேலும் வளர்ந்தது.

பழைய பதிவுகளை ஆராய்ந்தோர் கண்டது வேறு. அப்பகுதியில் உயிரிழந்த காப்பாளர் ஒருவர் இருந்தது மெய்யே. ஆயின் அவர் பெயர் ஜோ அன்று; சார்ள்ஸ் போல்ட்வின். விபத்து நிகழ்ந்தது 1867 இல் அன்று. 1856 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில். அவருடைய தலை துண்டிக்கப்படவுமில்லை. காயமுற்றுச் சில நாட்களின் பின்னரே அவர் இறந்தார். குடும்பப் பெயரும் தொழிலும் நிலைத்திருக்க, முதற்பெயரும் ஆண்டும் இறந்த விதமும் மாறிவிட்டன. செவிவழிச் செய்தியின் இயல்பு இதனால் நன்கு புலனாகும். மக்கள் நினைவு நிகழ்ச்சியின் கருவைக் காக்கின்றது. ஆண்டையும் அளவையும் காப்பதில்லை. கேட்போர் உள்ளத்திற் பதியவேண்டும் என்னும் விருப்பம், காயத்தைத் தலையிழப்பாக்கிவிடுகின்றது. 1977 இல் அப்பாதையின் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. அதன்பின் ஒளியும் காணப்படவில்லை என்பர். எவ்வாறாயினும், மேக்கோக் கதை ஓர் உண்மையான தொழிலாளியின் மரணத்தை, உருமாற்றியேனும், நூறாண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருந்தது. பேய்க்கதை வரலாற்றுக்குச் செய்த உதவி என இதனைக் கொள்ளலாம்.

இனி இரண்டாவது இடத்திற்கு வருவோம். அதனை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்கப் புகையிரத நிலையங்களின் ஏற்றமும் வீழ்ச்சியும் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்நாட்டுப் புகையிரதக் கம்பனிகள் தம் செல்வத்தையும் செல்வாக்கையும் காட்டும் பொருட்டு, கோயில்களையும் கோட்டைகளையும் ஒத்த நிலையங்களை எழுப்பின. மோட்டார் வண்டியும் ஆகாய விமானமும் பெருகியபின் பிரயாணிகள் புகையிரதத்தைக் கைவிட்டனர். 1971 இல் 'அம்ட்ராக்' என்னும் தேசிய நிறுவனம் பிரயாணிகள் சேவையை ஏற்றபோது ஓடும் வண்டிகளின் தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. பயனற்றுப்போன பல நிலையங்கள் இடிக்கப்பட்டன. சில மட்டும் புதிய தொழிலை மேற்கொண்டு தப்பின. 1886 இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரிற் கட்டப்பட்ட கல் நிலையம் 1970 இல் உணவுச்சாலையாயிற்று. 1909 இல் திறக்கப்பட்ட சட்டனூகா நகரின் முடிவிட நிலையம் 1970 இல் தன் கடைசிப் பிரயாணிகள் வண்டியை அனுப்பிவிட்டு, 1973 இல் உணவுச்சாலையும் விடுதியுமாக மீண்டும் கதவு திறந்தது. பிரயாணச் சீட்டுப் பெற்ற இடத்தில் மக்கள் உணவருந்தலாயினர்.

இவ்வாறு உருமாறிய நிலையங்களுள் டெனசி மாநிலத்தின் தலைநகராகிய நாஷ்வில்லில் உள்ள யூனியன் நிலையம் குறிப்பிடத்தக்கது. லூயிவில்–நாஷ்வில் புகையிரதக் கம்பனியால் எழுப்பப்பட்ட இந்நிலையம் 1900 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. உயர்ந்த மணிக்கூட்டுக் கோபுரமும், வண்ணக் கண்ணாடி பதித்த வளைகூரை வேய்ந்த பெருமண்டபமும் கொண்டு, கல்லாலாகிய பழைய கோட்டையைப் போன்று அது விளங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர்முனைக்குச் சென்ற படைவீரர் பெருந்தொகையினர் அதன் வழியே சென்றனர். 1979 இல் அங்குப் பிரயாணிகள் வண்டி நின்றது. பாழடைந்து கிடந்த கட்டடம் 1986 இல் விடுதியாகவும் உணவுச்சாலையாகவும் மறுபிறப்பெய்தியது.

இவ்விடுதியின் 711 ஆம் இலக்க அறையில் அபிகெயில் என்னும் பெண்ணின் ஆவி உலவுவதாக ஒரு கதை பரவியுள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவள் தன் காதலனை இந்நிலையத்திலிருந்து போருக்கு வழியனுப்பினாள். மீண்டு வரும் நாளில் இதே மேடையிற் காத்திருப்பதாக வாக்களித்தாள். அவன் பிரான்சு நாட்டிற் களம்பட்டான் என்ற செய்தி கேட்டு, வந்துகொண்டிருந்த வண்டியின்முன் பாய்ந்து உயிர் விட்டாள் என்பது கதை. விடுதியும் இக்கதையை மறைக்கவில்லை. அவ்வறையில் தங்கவென்றே விரும்பி வருவோர் உளர்.

இக்கதையை மேக்கோக் கதையைப் போற் பதிவுகளோடு ஒப்பிட முயன்றால், பற்றுக்கோடு எதுவும் அகப்படாது. வழங்கிவரும் கதையில் அப்பெண்ணுக்கு முதற்பெயர் மட்டுமே உண்டு. குடும்பப் பெயர் இல்லை. இறந்த நாள் இல்லை. காதலனின் பெயரும் அவன் சேர்ந்திருந்த படையின் பெயரும் இல்லை. மேலும் ஒன்று கருதத்தக்கது. அவள் வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்தில் அக்கட்டடம் புகையிரத நிலையமாக இருந்தது. விருந்தினர் தங்கும் விடுதியாக அது மாறியது 1986 இலேயே. மேடையில் இறந்தாள் எனப்படும் பெண், நாற்பது ஆண்டுகளின் பின் உண்டான அறையொன்றிற் குடிபுகுந்தமைக்குக் காரணம் யாது? நிலையம் விடுதியானபோது அதற்கு ஏற்றவாறு கதையும் அறைக்குள் வந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். போருக்குப் போய் மீளாத காதலன், காத்திருந்து மாய்ந்த பெண் என்னும் அமைப்பு மிகப் பழையது. பல நாட்டு நாடோடிக் கதைகளில் வருவது. பிரிவாற்றாமையைப் பாடும் முல்லைத் திணையும் நெய்தற் றிணையும் பயின்ற நமக்கு அதன் கவர்ச்சியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கதை பொய்யெனின் அதனால் யாருக்கு என்ன தீங்கு என்று ஒருவர் கேட்கலாம். அவ்வினாவுக்கு விடை காண, அதே நிலையத்திலிருந்து 1918 ஆம் ஆண்டு யூலை மாதம் 9 ஆந் திகதி காலையிற் புறப்பட்ட ஒரு வண்டியைப் பின்தொடர்ந்து செல்வோம்.

அது முதலாம் உலகப் போர்க் காலம். அமெரிக்க அரசாங்கம் புகையிரதங்களைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தது. பாதைகளில் நெரிசல் மிகுந்திருந்தது. அன்று காலை நான்காம் இலக்க வண்டி யூனியன் நிலையத்திலிருந்து மெம்பிஸ் நோக்கி மேற்கே புறப்பட்டது. மெம்பிசிலிருந்து முதலாம் இலக்க வண்டி நாஷ்வில்லை நோக்கிக் கிழக்கே வந்துகொண்டிருந்தது, அது தாமதமாகிவிட்டது. நகரை அடுத்த சிறிது தூரத்திற்கு இரட்டைப் பாதை உண்டு; அதன்பின் ஒற்றைப் பாதை. முதலாம் இலக்க வண்டிக்கே அவ்வொற்றைப் பாதையில் முன்னுரிமை. ஆகையால், அது இரட்டைப் பாதையில் தம்மைக் கடந்து சென்றதென்று உறுதி செய்துகொண்ட பின்னரே நான்காம் வண்டியினர் ஒற்றைப் பாதையிற் புகவேண்டும். காப்பாளர் பிரயாணச் சீட்டுகளைச் சேர்ப்பதில் ஈடுபட்டிருந்தமையால், கண்காணிக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டார். அயற்பாதையில் வெறும் பெட்டிகளை இழுத்துச் சென்ற இயந்திரமொன்றின் ஓசையை, முதலாம் வண்டியின் ஓசையென அவர்கள் மயங்கிக்கொண்டனர். சமிக்ஞைக் கோபுரத்தில் இருந்தவரும் வழி திறந்திருப்பதாகக் காட்டினார். முதலாம் வண்டி இன்னும் வரவில்லையென்பதை அவர் உணர்ந்து அபாய ஊதலை ஒலித்தபோது, கடந்து சென்ற வண்டியில் அதனைக் கேட்பார் இல்லை.

காலை ஏழே கால் மணிக்குச் சற்றுப் பின்னர், டச்சுமன் வளைவு எனப்படும் இடத்தில் இரு வண்டிகளும் நேருக்கு நேர் மோதின. பாதை வளைந்து சென்றமையால் ஒன்றையொன்று காண்பதற்கு நேரம் வாய்க்கவில்லை. சாரதிகள் இருவரும் மாண்டனர். மரத்தாலான பெட்டிகள் ஒன்றினுள் ஒன்று புகுந்து நொறுங்கின. மாநிலங்களிடை வணிக ஆணைக்குழு நடத்திய விசாரணையின் கணக்குப்படி இறந்தோர் 101 பேர். அமெரிக்கப் புகையிரத வரலாற்றிலே மிகக் கொடிய விபத்துகளுள் இது தலையாயது என்பர்.

இறந்தோருள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களுட் பலர், நாஷ்வில்லுக்கு அண்மையில் ஓல்ட் ஹிக்கரி என்னுமிடத்தில் அமைக்கப்பட்டுவந்த வெடிமருந்துத் தொழிற்சாலையிற் கூலி வேலை தேடிச் சென்றவர்கள். அக்காலத்துத் தென் மாநிலங்களில் வழங்கிய நிறப்பிரிவினைச் சட்டத்தின்படி கறுப்பினத்தோர் தனிப் பெட்டிகளிலேயே அமர்தல் வேண்டும். அப்பெட்டிகள் பெரும்பாலும் இயந்திரத்தை அடுத்து, வண்டியின் முற்பகுதியில் இணைக்கப்பட்டன. புகையும் கரியும் முதலில் அவர்களையே சேர்ந்தன. மோதல் நேர்ந்தபோது சாவும் முதலில் அவர்களையே சேர்ந்தது. ஆகவே இதனை ஒரு தற்செயல் விபத்தென்று மட்டும் கூறி அமைதல் இயலாது. ஒரு சாரதியின் தவறு வண்டிகளை மோதச் செய்தது. ஒரு நாட்டின் சட்டம் யார் முதலிற் சாகவேண்டும் என்பதை முன்னரே வகுத்து வைத்திருந்தது.

இம்மக்களின் நினைவாக விபத்து நிகழ்ந்த இடத்தருகே குறிப்புப் பலகையொன்று நிறுவப்பட்டது 2008 ஆம் ஆண்டிலேயே. அதாவது தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னர். சான்றுகளால் நிறுவப்படாத அபிகெயிலுக்கு ஓர் அறையுண்டு. அவளைக் காண வருவோர் உளர். அதே நிலையத்தோடு தொடர்புற்று மெய்யாகவே மாண்ட நூற்றொருவருக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. உணவருந்த வந்தோரிடம் காதலியின் கதையைச் சொல்லலாம். கேட்போர் இனிதே நடுங்குவர். கூலியாட்கள் மரப்பெட்டிகளில் நசுங்கி மாண்ட கதையைச் சொன்னால், அதன் காரணத்தையும் சொல்ல நேரிடும். பேய்க்கதை வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வரலாற்றை வெளியேற்றும் என்பதற்கு இது தக்க சான்று.

மூன்றாவது இடம் நமக்கு அண்மையில் உள்ளது. இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்துப் புருலியா மாவட்டத்திலே பேகுன்கோதர் என்னும் சிறு நிலையம் உண்டு. சந்தால் மக்களின் அரசி எனப் போற்றப்பட்ட லாச்சன் குமாரியின் முயற்சியும் துணையாக, 1960 இல் அது திறக்கப்பட்டது. பின்தங்கிய அப்பகுதி மக்களுக்கு அது வெளியுலகின் வாயிலாயிற்று. ஏழாண்டுகள் செல்லுமுன் அவ்வாயில் அடைபட்டது. 1967 இல் நிலைய ஊழியர் ஒருவர், வெள்ளைச் சேலை உடுத்த பெண்ணொருத்தியின் ஆவி இரவிற் றண்டவாளத்தில் நடப்பதைக் கண்டதாகக் கூறினார். பின்னர் நிலைய அதிபரும் அவர் குடும்பத்தினரும் தம் குடியிருப்பில் இறந்து கிடந்தனர் என்றும், அது ஆவியின் செயலே என்றும் பேச்சு எழுந்தது. அங்குப் பணியாற்ற ஊழியர்கள் மறுத்தனர். வண்டிகள் நிற்காமற் சென்றன. நிலையம் கைவிடப்பட்டது.

வெள்ளைச் சேலை என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது. வங்காளத்திலே அது கைம்பெண்ணின் உடை. நாஷ்வில்லின் ஆவி காதலனை இழந்தவள். புருலியாவின் ஆவி கணவனை இழந்தவளின் கோலத்தில் வருபவள். இரு நாட்டினரும் துணையிழந்த பெண்ணையே ஆவியாக்கியுள்ளனர். சமுதாயம் உயிரோடிருக்கையில் யாரை ஒதுக்கி வைத்ததோ, அவரையே இறந்தபின் அஞ்சிற்று என்று கருத இடமுண்டு.

பேகுன்கோதர் மக்கள் 42 ஆண்டுகள் தம் ஊரிற் புகையிரதம் நிற்கக் காணாது வாழ்ந்தனர். வண்டி தம் கண்முன்னே ஓடிச் செல்ல, அதில் ஏறுவதற்கு அயல் நிலையங்களை நாடிச் செல்லவேண்டியவராயினர். மாணவரும் நோயாளரும் சந்தைக்குச் செல்வோரும் பட்ட துன்பத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஊரவர் இடைவிடாது வேண்டியதன் பயனாக 2009 இல், மம்தா பானர்ஜி புகையிரத அமைச்சராயிருந்த காலத்தில், நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. தொலைதூரச் சிற்றூரிற் பணியாற்ற விரும்பாத ஊழியர்களே பேய்க்கதையைக் கட்டினர் என்று நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த பாசுதேப் ஆச்சாரியா கருத்துரைத்தார். 2017 இல் பகுத்தறிவாளர் குழுவொன்று அந்நிலையத்தில் ஓர் இரவு முழுவதும் தங்கியிருந்தது. ஆவி எதுவும் வரவில்லை. புதர்களின் பின் மறைந்து ஒலியெழுப்பி அச்சுறுத்த முயன்ற சில மனிதரையே அவர்கள் கண்டனர்.

ஊழியர் கட்டிய கதையென்பது ஒருவர் கருத்தே. அது முடிந்த முடிபென யாம் கூறோம். ஆயினும் அக்கருத்து வரலாற்று மாணவனுக்கு நல்லதொரு வழியைக் காட்டுகின்றது. ஒரு கதையால் யார் பயன் பெற்றார் என்று கேட்டால், கதையின் பிறப்பிடம் ஓரளவு வெளிப்படும். நாஷ்வில்லிற் பேய் ஆளை அழைத்து வருகின்றது. பேகுன்கோதரிற் பேய் ஆளை விரட்டியது. செல்வம் மிகுந்த நாட்டிற் பயனற்றுப்போன நிலையத்துக்கு அது அணியாயிற்று. வறுமை மிகுந்த ஊரிற் பயன்பட்டுக்கொண்டிருந்த நிலையத்துக்கு அது பூட்டாயிற்று. இரண்டுக்கும் இடையே மேக்கோக் கதை, மறக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு தொழிலாளியின் நிழலை நமக்கு விட்டுச் சென்றுள்ளது.

எனவே பேய்க்கதைகளை முற்றாக நம்புவோரும் முற்றாக இகழ்வோரும் ஒரு தவற்றையே செய்கின்றனர். இரு சாராரும் கதையின் பின்னால் இருப்பதைத் தேடுவதில்லை. தேடுவோர் மூன்று செயல்களைச் செய்தல் வேண்டும். கதையிற் கூறப்படும் பெயரையும் ஆண்டையும் பழைய செய்தித்தாள்களோடும் விசாரணைப் பதிவுகளோடும் ஒப்பிடுதல் ஒன்று. கதை கூறும் இடம் அக்காலத்தில் எவ்வாறிருந்தது என ஆராய்தல் மற்றொன்று. அவ்விடத்தில் மெய்யாகவே மாண்டவர் யாவர், அவர்களைப் பற்றிக் கதை வழங்காமை ஏன் என்று வினவுதல் பிறிதொன்று. இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே அருமையானது, இன்றியமையாததும் அதுவே.

நம் மாணவர் தத்தம் ஊர்களிலே பழைய மடத்தையும் பாழ்ங்கிணற்றையும் ஆலமரத்தையும் பற்றிப் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சொல்லும் கதைகளைக் கேட்டிருப்பர். அவற்றை எழுதி வைத்தல் நன்று. எழுதும்போது, சொன்னவர் யார், எப்பொழுது கேட்டார், யாரிடம் கேட்டார் என்பனவற்றையும் உடன் குறித்து வைப்பாராக. பின்னர் ஊர்ப் பதிவுகளையும் கல்லறைகளையும் கல்வெட்டுகளையும் சென்று பார்ப்பாராக. கதையிலே வரும் ஆவிக்கு ஒருகால் பெயர் கிடைக்கலாம். கதையிலே வராத ஒருவரின் பெயரும் அவ்வழியிற் கிடைக்கலாம். நாஷ்வில் மக்கள் தம் நூற்றொருவருக்கு ஒரு பலகை நிறுவத் தொண்ணூறு ஆண்டுகள் காத்திருந்தனர். நாமும் அத்துணைக் காலம் தாழ்த்தல் வேண்டா.